தொடையைப் பிடித்து எழும் பிள்ளை

(கம்பத்தில் ஆசிரியர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தசைச்சிதைவு நோய் என்று பேச்செடுத்தாலே நம் பக்கத்தில் இரண்டு விஷயம் சொல்வார்கள். 'சொந்தத்துக்குள்ள கட்டுனதால வந்த வினை' என்பது ஒன்று. 'அதுக்கு மருந்தே கெடையாதாம், சும்மா அலையாதீக' என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதிதான் உண்மை. அந்தப் பாதியை நம்பி முடிவெடுத்துவிட்டுப் பிறகு தவித்த குடும்பங்களைச் சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர் என்று இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் குழந்தை மருத்துவனாகப் பார்த்திருக்கிறேன். மீதிப் பாதியைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் நோயைக் கண்ணால் பார்த்துவிடுவோம். அதற்கு மருத்துவமனை வேண்டாம், பள்ளிக்கூடத்துச் சத்துணவு வரிசை போதும். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகள் துள்ளி எழுந்து தட்டுக் கழுவ ஓடுவார்கள். ஐந்தாறு வயதுப் பையன் ஒருவனால் மட்டும் அப்படி எழ முடியாது. முதலில் ஒரு பக்கமாகப் புரண்டு குப்புற வருவான். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றிப் பின்புறத்தைத் தூக்குவான். ஒரு கையை எடுத்து முழங்காலில் வைப்பான், அடுத்து மற்றக் கையை. பிறகு தொடையில் கைகளை மாற்றி மாற்றி ஊன்றி, தன் உடம்பைத் தானே பிடித்து ஏறி நிமிர்வான். நிமிர்ந்ததும் வயிறு முன்னே தள்ளும், குதிகால் தரையில் பாவாது, நடை இரண்டு பக்கமும் அசையும். கெண்டைக்கால் மட்டும் வயதுக்கு மீறித் திரண்டிருக்கும். 'கபடிக்காரன் காலுடா இது' என்று பாட்டி மெச்சுவார். அழிந்துபோன தசையின் இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்ந்துதான் அந்தக் கால் பருத்திருக்கிறது.

இப்படி எழுவதை லண்டன் மருத்துவர் வில்லியம் கௌவர்ஸ் 1879இல் தம் மருத்துவச் சொற்பொழிவு ஒன்றில் விளக்கினார். இன்றும் மருத்துவ நூல்களில் அது கௌவர்ஸ் அறிகுறிதான். அவருக்கு முன்பு 1860களில் பிரெஞ்சு மருத்துவர் டுஷென் இந்த நோயை விரிவாக எழுதியதால் நோய் அவர் பெயரைத் தாங்கியது. டுஷெனுக்கும் முந்தியவர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் எட்வர்ட் மெரியன் 1850களின் தொடக்கத்திலேயே, இது ஆண் பிள்ளைகளைத் தாக்குகிறது, தாய்வழிக் குடும்பத்தில் தொடர்கிறது, தசை இழையின் மேலுறை சிதைகிறது என்று எழுதிவிட்டார். மரபணு என்ற ஒன்றை யாரும் அறியாத காலத்தில், குடும்பங்களை உட்காரவைத்துக் கேட்டும் தசையை நுண்ணோக்கியில் பார்த்தும் அந்த மனிதர் அவ்வளவையும் கண்டுபிடித்தார். அவர் பெயர் நோய்க்கு வைக்கப்படவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

டுஷென் வகை ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் பிறக்கிறது. 2011 கணக்கெடுப்பில் பன்னிரண்டரை லட்சம் மக்கள் இருந்த தேனி மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகள் இதோடு பிறக்கிறார்கள் என்று கொள்ளலாம். மாவட்டம் முழுவதும் பரவியிருப்பதால், ஒவ்வொரு குடும்பமும் உலகத்திலேயே தமக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? தசை ஒவ்வொரு முறை சுருங்கி விரியும்போதும் அதன் மேலுறையில் அதிர்ச்சி விழும். அதைத் தாங்கிக்கொள்ள டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இருக்கிறது. விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறுகிற ஜீப்பில் ஷாக் அப்சார்பர் போய்விட்டால் வண்டி உடனே நிற்காது. ஓடும், ஆனால் ஒவ்வொரு பள்ளமும் சேஸிஸைத் தாக்கும். டிஸ்ட்ரோபின் இல்லாத தசையும் அப்படித்தான். நடக்கும், ஓடும், ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கிழியும். சின்ன வயதில் உடம்பு கிழிந்ததைத் தைத்துக்கொண்டே வருகிறது. ஒரு கட்டத்தில் தைக்கிற வேகத்தைவிடக் கிழிகிற வேகம் மிஞ்சிவிடுகிறது. மருத்துவம் இல்லாவிட்டால் பன்னிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் நடை நின்றுவிடும். பிறகு கை, மூச்சுத் தசை, இதயம்.

இந்தப் புரதத்துக்கான மரபணுவை 1986இல் பாஸ்டனில் லூயி குன்கெல் குழுவினர் அடையாளம் கண்டார்கள். புரதத்தைக் கண்டு 1987இல் டிஸ்ட்ரோபின் என்று பெயரிட்டார்கள். மனித மரபணுக்களில் மிக நீளமானவற்றில் ஒன்று இது. ஏறத்தாழ 22 லட்சம் எழுத்து நீளம், 79 பகுதிகள். இவ்வளவு நீளமாக இருப்பதால்தான் படியெடுக்கும்போது பிழை விழ இவ்வளவு வாய்ப்பு.

கிழிந்த தசையிலிருந்து கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி ரத்தத்தில் கசியும். லேபில் சி.கே. அல்லது சி.பி.கே. என்று கேட்டால் தெரியும். சாதாரணமாக இருநூறு அளவில் இருக்க வேண்டியது, இந்தப் பிள்ளைகளுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டி நிற்கும். சில நூறு ரூபாய்ச் செலவில் முடிகிற சோதனை. ஆனால் நடப்பது வேறு. பையன் காய்ச்சலில் படுத்தபோது ரத்தம் எடுத்திருப்பார்கள். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் ஏறியிருக்கும். 'ஈரல்ல கோளாறு' என்று சொல்லிவிடுவார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதும், எண்ணெய் சேர்க்காத பத்தியமும், ஸ்கேனுக்கு மேல் ஸ்கேனுமாக ஓரிரண்டு வருடம் அதிலேயே ஓடிவிடும். அந்த இரண்டு நொதிகளும் ஈரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் உண்டு. கண் மஞ்சளில்லை, பிலிருபின் சரியாக இருக்கிறது, இவை இரண்டு மட்டும் மாதக்கணக்கில் இறங்க மறுக்கின்றன என்றால் தசையைப் பாருங்கள். இதை என் சக மருத்துவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி, எனக்கு மிகவும் மனவேதனை தரும் இடத்துக்கு வருகிறேன். நோயின் பெயரைச் சொல்லி முடித்து, இது தாயின் வழியாக வரக்கூடியது என்று விளக்க வாய் திறந்த உடனேயே, உடன் வந்த அப்பத்தா சொல்வார்: 'எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது சார். இவ கொண்டாந்தது.' பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிற்கிற அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசமாட்டாள். வீட்டுக்காரர் சுவரைப் பார்ப்பார். சில வீடுகளில் அந்தப் பேச்சு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்புவதில் போய் முடிந்திருக்கிறது. பெண்பிள்ளை பிறந்ததற்காகத் தாய்மாரைப் பழித்த மண் இது. மகனுக்கு வந்த நோய்க்காகவும் அவளையே பழிப்பதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஆகவே இதைப் பொறுமையாகக் கேளுங்கள். டிஸ்ட்ரோபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்றில் பிழையிருந்தாலும் மற்றது ஈடுகட்டும், பெரும்பாலும் அவள் நலமாகவே இருப்பாள். ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து வருவது. பிழையுள்ள எக்ஸ் வந்துவிட்டால் ஈடுகட்ட வேறில்லை. தாய் அந்தப் பிழையைச் சுமப்பவளாக இருந்தால் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் அவளைப் போலச் சுமப்பவளாகப் பாதி வாய்ப்பு. ஆனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளில் பிழை புதிதாக விழுந்தது. தாயின் ரத்தத்தில் அது இருக்காது. அவள் வம்சத்திலும் இருக்காது, இவர்கள் வம்சத்திலும் இருக்காது. மீதிப் பேரிலும்தான் அவள் என்ன செய்திருக்க முடியும்? நம்மில் எவருடைய மரபணுவும் பிழையில்லாதது அல்ல. எங்கே விழுந்தது என்பதை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிழையைச் சுமக்கும் பெண்களில் சிலருக்குப் பிற்காலத்தில் இதயத் தசை தளரும். மகனைத் தூக்கி இறக்கியே ஓய்ந்த தாய்க்கு மூச்சு வாங்கினால் வேலை அலுப்பு என்று விட்டுவிடுகிறார்கள். அவளுக்கும் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இப்போது சொந்தத்தில் கட்டுவது பற்றி. தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் உறவுக்குள் நடப்பவை என்று தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தசைச்சிதைவில் பல வகை உண்டு. இடுப்பையும் தோளையும் முதலில் தாக்கும் வகைகள் பலவற்றில், அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் பிள்ளைக்கு நோய். அங்கே உறவுத் திருமணம் ஆபத்தைக் கூட்டவே செய்கிறது. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் இடையில் பொது மரபணு அதிகம், மாமன் மகளைக் கட்டுவதைவிட அங்கே ஆபத்தும் அதிகம். அந்த வகைகளில் பெண்பிள்ளைகளும் தப்புவதில்லை.

டுஷெனில் கதை வேறு. நலமாக இருக்கிற தாய்மாமனிடம் இருப்பது நல்ல எக்ஸ். அவரைக் கட்டியதால் இந்த நோய் வருவதும் இல்லை, அன்னியத்தில் கட்டினால் தவிர்வதும் இல்லை. இது புரியாததால் என்ன நடக்கிறது தெரியுமா? பையனுக்கு நோய் என்று தெரிந்ததும், 'இவளையாவது அசல்ல கொடுத்துருவோம்' என்று அவன் அக்காளைச் சோதிக்காமலேயே அவசரமாகத் தூரத்தில் கட்டிக் கொடுக்கிறார்கள். அவள் பிழையைச் சுமப்பவளாக இருந்தால் ஆண்டிபட்டியில் கட்டினாலும் அமெரிக்காவில் கட்டினாலும் மகனுக்கு அதே பாதி வாய்ப்புத்தான். யாரைச் சோதிக்க வேண்டும் என்பதில் குழப்பமே வேண்டாம்: தாய், பெரியம்மா, சித்தி, அவர்களின் பெண்மக்கள், பையனின் அக்கா தங்கை. அத்தை வீட்டாருக்குத் தேவையில்லை. சின்னப் பெண்களை இப்போதே சோதித்து முத்திரை குத்தவும் கூடாது. விவரம் அறிந்து தானே முடிவெடுக்கும் வயதில் அவளிடம் சொல்லுங்கள். பிழையைச் சுமக்கும் பெண் திருமணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். கருவுற்ற பத்து முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கருவைச் சோதிக்க வழி இருக்கிறது. அதற்கு வீட்டு நோயாளியின் மரபணு அறிக்கை முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். கர்ப்பமான பிறகு ஓடிவந்தால் காலம் போதாது. தாயின் ரத்தத்தில் பிழை இல்லை என்று வந்தாலும் அவளுடைய சில முட்டைகளில் மட்டும் அது இருக்கலாம் என்பதால், அடுத்த கர்ப்பத்திலும் சோதனை வேண்டும்.

எல்லா முடிவும் அந்த ஓர் அறிக்கையில் வந்து நிற்கிறது. நோயின் பெயரை நடையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அனுப்புவது போதாது. மரபணு எழுத்துகளை மூன்று மூன்றாகத்தான் உடம்பு படிக்கும். விடுபட்ட எழுத்துகள் மூன்றின் மடங்காக இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் குளறிப்போய்ப் புரதமே உருவாகாது. அதுதான் டுஷென். மடங்காக இருந்தால் கொஞ்சம் குட்டையான புரதம் கிடைக்கும். அது பெக்கர் வகை, நடை இளமைக்காலம் தாண்டியும் நீடிக்கும். எந்தப் பகுதி விடுபட்டது என்பதைப் பொறுத்தே புதிய மருந்துகளும் பொருந்தும் அல்லது பொருந்தாது. பெரும்பாலானோருக்குத் தசையை வெட்டியெடுத்துப் பார்க்கவே வேண்டாம், ரத்தத்தில் எம்.எல்.பி.ஏ. என்ற சோதனை போதும். அதில் பிடிபடாதவர்களுக்கு மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்கும் சோதனை. கோயம்புத்தூரில் டாக்டர் பி.ஆர்.லட்சுமி தொடங்கிய எம்.டி.சி.ஆர்.சி. மையம் தமிழ்நாட்டு டுஷென் குடும்பங்களுக்கு இந்தச் சோதனையையும் ஆலோசனையையும் கொடுத்துவருகிறது. வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆகிய இடங்களிலும் வசதி உண்டு. தொடக்கத்துக்குக் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கும் போங்கள்.

மருந்தே இல்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். அடியோடு குணமாக்கும் மருந்து இன்று இல்லை, உண்மை. ஆனால் பிரெட்னிசோலோன் என்ற சாதாரண ஸ்டீராய்டு, நடையை இரண்டு மூன்று ஆண்டுகள் நீட்டிக்கிறது, முதுகு கோணுவதைக் குறைக்கிறது, மூச்சுத் தசையைக் காக்கிறது. டெஃப்லசகார்ட் இன்னொன்று. அமெரிக்காவில் 2017இல் இந்த டெஃப்லசகார்ட்டுக்கு அனுமதி கிடைத்தபோது ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 89,000 டாலர் விலை வைத்துப் பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது. நம் தெரு மருந்துக் கடையில் அது பல ஆண்டுகளாகச் சாதாரண மாத்திரை. இந்த ஸ்டீராய்டுகளால் முகம் உப்பும், எடை கூடும், எலும்பு தளரும், கண்ணில் புரை வரலாம். அதனால் மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். பக்கத்து வீட்டார் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

அறிகுறி இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை எக்கோ. பத்து வயதை ஒட்டி இதயத்தைக் காக்கும் எனலாபிரில் போன்ற மாத்திரை. இரவில் தூக்கம் கெட்டு, காலையில் தலைவலியோடு எழுந்தால் மூச்சுத் தசை தளர்கிறது என்று பொருள், மூச்சுக்குத் துணைசெய்யும் பைபாப் கருவியை இரவில் வைத்தால் ஆயுள் நீளும். இருபதைத் தாண்டாது என்று சொன்ன நோயில் இன்று நல்ல பராமரிப்புக் கிடைத்தவர்கள் முப்பதைக் கடக்கிறார்கள். எந்த அறுவை சிகிச்சைக்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, நோயை முதலிலேயே சொல்லுங்கள். மயக்கம் கொடுக்கும்போது பயன்படுத்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்து இந்தப் பிள்ளைகளின் இதயத்தை நிறுத்திவிடக்கூடும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓட்டத்தில் கடைசியாக வருகிறவனைச் சோம்பேறி என்று தோப்புக்கரணம் போடச் சொல்லாதீர்கள். உட்கார்ந்து எழுவதும், படி இறங்குவதும், சரிவில் இறங்குவதும்தான் இந்தத் தசையை அதிகம் கிழிப்பவை. நீந்துவது நல்லது, தினமும் குதிகால் தசைநாணை மெதுவாக நீட்டிவிடுவது நல்லது. வலுவாக அமுக்கித் தேய்க்கிற வைத்தியம் வேண்டாம்.

ஸ்டெம் செல் ஊசி போட்டுச் சரிசெய்கிறோம் என்று பெருநகரங்களிலிருந்து விளம்பரம் வரும். ரத்தம் தொடர்பான சில நோய்களைத் தவிர வேறெதற்கும் அது ஏற்கப்பட்ட சிகிச்சை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. நகையை அடகு வைத்து அங்கே போகாதீர்கள். 2023இல் அமெரிக்கா அனுமதித்த எலிவிடிஸ் என்ற மரபணு சிகிச்சையின் விலை 32 லட்சம் டாலர். அதுவும் முழுக் குணம் இல்லை. அதைப் பெற்றவர்களில் நடக்க முடியாத நிலையிலிருந்த சிறுவர் இருவர் ஈரல் செயலிழந்து இறந்ததையடுத்து, 2025இல் அதற்குக் கட்டுப்பாடுகள் வந்தன. ஆராய்ச்சி நடக்கிறது, நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. பெங்களூருவில் பெற்றோர்களே டார்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கி ஆய்வகம் நடத்துகிறார்கள். அந்த மருந்து வரும் நாளில் நம் பிள்ளையின் தசையும் இதயமும் அதைப் பெறும் நிலையில் இருக்க வேண்டும். இன்றைய ஸ்டீராய்டும் எக்கோவும் அதற்குத்தான்.

சேலத்துச் சகோதரிகள் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி இருவரையும் உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். இருவருக்கும் தசைச்சிதைவு. அந்த நிலையிலேயே ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கி, தம்மைப் போன்றவர்களைக் கவனித்தார்கள். கீதா இளங்கோவன் இயக்கிய 'நம்பிக்கை மனுஷிகள்' என்ற ஆவணப்படம் அவர்களைப் பற்றியது. வானவன் மாதேவி 2017இல் மறைந்தார். சக்கர நாற்காலியில் இருப்பவரைப் பரிதாபத்துக்குரியவராக மட்டுமே பார்க்கும் நம் கண்ணை மாற்றியவர்களில் அவர் முதல் வரிசையில் இருக்கிறார்.

அரசு செய்வதைக் கேட்டு வாங்குங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் தசைச்சிதைவு ஒன்று. தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, மின்கலத்தில் ஓடும் சக்கர நாற்காலியும் தருகிறது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் டுஷெனும் இருக்கிறது. அதற்கான மையங்களில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் உண்டு. கம்பத்துக்காரருக்குச் சென்னையைவிடத் திருவனந்தபுரம் பக்கம். ஆனால் மகனைத் தூக்கவும் திருப்பிப் படுக்க வைக்கவும் வேண்டியிருப்பதால் ஏலத்தோட்டத்து ஜீப்பை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்ட தாய்க்கு, 2,000 ரூபாய் எத்தனை நாள் கூலி என்பதை அரசு எண்ணிப் பார்க்க வேண்டும். சாய்தளமும் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறையும் இல்லாத பள்ளிக்கு அந்த மின் நாற்காலியைக் கொண்டுபோய் என்ன செய்வது? ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளைகளில் பலரைத் தடுத்தது மூளைக் கோளாறு அல்ல, வகுப்பறை வாசலில் இருந்த மூன்று படி.

செவிலியர்களே, பதினெட்டு மாதம் கடந்தும் நடக்காத ஆண் குழந்தையை அங்கன்வாடியில் பார்த்தால் ஒரு சி.கே. சோதனைக்கு எழுதி வாங்குங்கள். பெற்றோர்களே, மரபணு அறிக்கை கைக்கு வந்ததும் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். ஐந்தாறு நகல் எடுங்கள். ஒன்றை மருத்துவமனைக் கோப்பில் வையுங்கள். மற்றவற்றைப் பெரியம்மா வீட்டுக்கும் சித்தி வீட்டுக்கும், கட்டிக் கொடுத்த பெண்கள் வீட்டுக்கும், நோயின் பெயரை உரக்கச் சொல்லி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.